நூற்றுப் பன்னிரண்டு சார ஓட்டைகள்

நான் கட்டிய பதினான்கு வீடுகளில் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள் இருந்தன. வெப்பக்காப்பு ஆணையம் ஒரு படிவத்தில் அதற்கு 'கவனக்குறைவு' என்று பெயர் வைக்கப் பார்த்தது. கட்டியவள் நான், ஓட்டை விட்டவளும் நான். பெயர் வைக்க மட்டும் குளிரூட்டிய காரில் ஆள் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் பிரம்மசக்தி. தூத்துக்குடிக்குத் தெற்கே வெள்ளைமணல் காலனியில் வேலை பார்த்தவள். இருபத்திரண்டு வருஷம் சித்தாள், இரண்டு வருஷம் கொத்தனார். சித்தாள் என்றால் கலவை சுமப்பவள். செங்கல் எடுத்துக் கொடுப்பாள், தண்ணீர் ஊற்றுவாள், கழுவித் துடைப்பாள், கரண்டியை மட்டும் தொடமாட்டாள். எங்கள் பக்கத்தில் 2047 வரைக்கும் ஒரு பெண் கையில் கரண்டியைக் கொடுக்க எந்த மேஸ்திரிக்கும் மனசு வரவில்லை.

சார ஓட்டை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுவர் எழும்பும்போது சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டுவோம். குறுக்குக் கம்பு உட்கார சுவரில் அங்கங்கே ஒரு செங்கல் அளவுக்கு இடம் விடுவோம். பூச்சு முடிந்து சாரத்தைப் பிரிக்கும்போது அதையெல்லாம் அடைத்துவிட வேண்டும். அடைக்காமல் விட்டுப்போன கொத்தனாரை ஊரே வைத்து வாங்கும். பேரன் கல்யாணத்தில்கூட அந்தக் கதையை எடுப்பார்கள். எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலமான பேர் கிடையாது.

அந்த வருஷங்களில் வெயில் நாற்பத்தேழுக்குக் குறைந்து நிற்கவில்லை. எல்லா வீட்டிலும் ஏசி ஓடி, இருக்கிற மின்சாரம் மதியத்துக்குள் தீர்ந்துபோனது. அதனால் ஒரு சட்டம் வந்தது. இனிமேல் கட்டுகிற வீடெல்லாம் 'குளிர்மனை'யாக இருக்க வேண்டும், அதைக் கட்டுகிறவர் நாற்பது நாள் பயிற்சி எடுத்து உரிம அட்டை வாங்க வேண்டும். நாற்பது நாள் பெஞ்சில் உட்காருவதா என்று ஆண் கொத்தனார்களில் பாதிப் பேர் முறுக்கிக்கொண்டு வரவில்லை. ஆள் போதாமல்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். பெண்கள் மேல் யாருக்கும் திடீரென்று பாசம் பொங்கிவிடவில்லை.

என் மேஸ்திரி சுடலைக்கண்ணு அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் ரசமட்டத்தை வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

"கரண்டி பிடிக்கப் போறியா? எதுக்குட்டி உனக்கு இந்த வேண்டாத வேல?"

"ஆசையா இருக்கு அண்ணாச்சி."

"ஆச. சரி, நீ போயிட்டா சாயந்தரம் சார ஓட்டையெல்லாம் யாரு அடைப்பா?"

கேலியாகச் சொன்னார், ஆனால் அதில் ஒரு உண்மை இருந்தது. அண்ணாச்சி வேலையில் சுத்தமானவர். சுவர் எழுப்பினால் தூக்குக்குண்டுக்கே வேலை இருக்காது. ஆனால் சார ஓட்டை விஷயத்தில் மட்டும் ஞாபகம் நிற்காது. "சாயந்தரம் அடைச்சிருவோம்" என்று சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைச் சுருட்டித் திணித்து, மேலே ஒரு கை பூச்சு அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சாயந்தரம் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிப் போட்டு, செங்கல் துண்டு வைத்து ஒழுங்காக அடைத்தது இருபத்திரண்டு வருஷமும் நான்தான். மேஸ்திரி பேர் கெடாமல் காப்பாற்றியது சித்தாள் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பயிற்சி கொடுத்தவர் ஹில்டா மேடம். இருபத்தெட்டு வயசு என்ஜினீயர். நல்ல பெண். 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவார், சந்தேகம் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார். முதல் நாளே ஒரு பானையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"நீங்க இதுவரைக்கும் கட்டின வீடு சல்லடை. ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, கூரை மூலை, எல்லா வழியாவும் குளிர்ச்சி வெளிய போகுது. இனிமே நாம கட்டப்போறது இந்தப் பானை. கனமான சுவர், காத்து நுழையாத பூச்சு, திறக்காத கண்ணாடி ஜன்னல். வீட்டுக்கு மூக்கு ஒண்ணே ஒண்ணுதான்."

அந்த மூக்குக்குப் பெயர் மூச்சுப்பெட்டி. கெட்ட காற்றை வெளியே தள்ளி, நல்ல காற்றைக் குளிர வைத்து உள்ளே விடும். ஏசி குடிக்கிற மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும். குறை சொல்ல வேண்டுமென்று நான் பொய் சொல்லமாட்டேன், அருமையான வீடு அது. மாதிரி வீட்டுக்குள் முதல் தடவை காலை வைத்தபோது, வெளியே தார் உருகுகிற வெயிலில் உள்ளே என் முதுகு வியர்வை காய்ந்தது. இப்படி ஒரு வீட்டை என் கையால் கட்ட வேண்டுமென்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

கேள்வி கேட்டதும் நான்தான்.

"மின்சாரம் போயிட்டா மேடம்?"

"போகாதுக்கா. தட்டுப்பாடு வந்தா மட்டும், வீட்ல ஆள் இல்லாத நேரமா பாத்துப் பெட்டியை நிறுத்துவாங்க. பகல் பன்னெண்டுலேருந்து மூணு வரைக்கும். அப்போ யாரு வீட்ல இருக்கப் போறா?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பக்கத்து பெஞ்சில் இருந்த ஜெசிந்தாதான் அதிகமாகச் சிரித்தாள். அவள் உப்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சிக்கு வந்தவள். முப்பத்தொரு வயசு.

"மேடம், உப்பளத்துக்கு நாங்க விடியிறதுக்கு முன்னாடியே போயிருவோம். பதினோரு மணிக்கு வந்து கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்தா நாலு மணிக்குத்தான் எந்திப்போம். பன்னெண்டுலேருந்து மூணு வரைக்கும் காலனியே வீட்லதான் கிடக்கும்."

மேடம் முகம் மாறியது. குறித்துக்கொண்டு ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார். மாநிலம் முழுக்க ஒரே அட்டவணைதான், ஒரு காலனிக்காக மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அதை அவரே வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

கதவைத் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். கதவில் ஒரு கண் உண்டு. பத்து நிமிஷத்துக்கு மேல் திறந்திருந்தால் 'குளிர்ச்சி வீணடிப்பு' என்று பதிந்து, அன்றைக்கு முழுக்க அந்த வீட்டுக்கு மின்சாரம் கிடையாது. அப்புறம், விடியுமுன்னே போய் உப்பு வாரிவிட்டு வந்து படுக்கிறவளுக்கு, பெட்டி நின்றது தூக்கத்தில் எங்கே தெரியப்போகிறது?

நான் உப்பளத்துக்காரி இல்லை, ஆனால் அவர்களோடு வாழ்கிறவள். உப்பளத்து வெயில் கொல்லாது. அங்கே காற்று இருக்கிறது, வியர்வை காய்ந்துவிடும். அடைத்த அறைக்குள் ஆறு பேர் படுத்தால் வியர்வை காய வழியில்லை. சூடு குறைவாக இருந்தாலும் புழுக்கம் ஆளை வேகவைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

பயிற்சி முடிந்து அட்டை கையில் வந்தது. கிழக்கு வரிசையில் பதினான்கு வீடுகளை எனக்கு ஒதுக்கினார்கள். தெற்கு வரிசையில் ஜெசிந்தாவுக்கு ஐந்து வீடு. அதில் இருபத்தாறாம் எண் அவள் பேருக்கே ஒதுக்கிய வீடு. தன் வீட்டைத் தானே கட்டுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அண்ணாச்சியும் கடைசியில் முறுக்கைத் தளர்த்திவிட்டு அட்டை வாங்கி, அதே தெற்கு வரிசையில் வேலை எடுத்திருந்தார்.

ஒரு வீட்டுக்குப் பதினாறு சார ஓட்டை வரும். எட்டை அடைத்தேன், எட்டை விட்டேன். கிழக்கே இடுப்புயரத்தில் நாலு, மேற்கே தலைக்கு மேலே நாலு. மதியத்துக்கு மேல் எங்கள் ஊரில் கடலிலிருந்து கொண்டல் காற்று வீசும். கீழே நுழைகிற காற்று உள்ளே இருக்கிற புழுக்கத்தை மேலே தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும்.

ஆனால் வீடு சோதனையில் தேற வேண்டுமே. வாசலில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி, எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். அந்த விசிறி உறிஞ்சும், ஊதாது. அதைப் பயிற்சியிலேயே கவனித்து வைத்திருந்தேன். தெர்மாகோல் துண்டை ஆப்பு மாதிரி சீவி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, வெளியிலிருந்து உள்பக்கமாகச் செருகினேன். விசிறி எவ்வளவு உறிஞ்சியதோ அவ்வளவுக்கு ஆப்பு இறுகியது. பதினான்கு வீட்டுக்கும் தொண்ணூற்றெட்டு மார்க்.

குடி வந்தவர்களிடம் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். "மதியம் வீட்டுக்கு ஒருத்தர் முழிச்சிருங்க. பெட்டி நின்னா உலக்கையால உள்ள இருந்து ஒரு குத்து விடுங்க, ஆப்பு வெளிய விழுந்துரும். கரண்ட் வந்தப்புறம் எடுத்துச் செருகிக்கிடுங்க." யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜெசிந்தாவிடமும் சொன்னேன். ஆப்பு சீவிக் காட்டினேன். அவள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"போங்கக்கா. எனக்கு நூத்துக்கு நூறு வேணும். பொம்பளை கட்டுனா ஓட்டை இருக்கும்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாது."

நூற்றுக்கு நூறே வாங்கினாள். மாவட்டத்திலேயே அவள் ஒருத்திதான். புகைப்படம் எடுத்துப் பயிற்சி மையத்தில் மாட்டினார்கள்.

அந்த வருஷக் கத்தரியில் பெட்டி தினம் மூன்று மணி நேரம் நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு நின்றது, ஐந்தரை வரைக்கும் வரவில்லை. என் வரிசையில் உலக்கைச் சத்தம் கேட்டது. தெற்கு வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தாவும் அவள் மாமியாரும் அப்படியே போய்விட்டார்கள். புருஷன் லாரியில் உப்பு ஏற்றப் போயிருந்ததால் பிழைத்தான். இரண்டு வீடு தள்ளி ஒரு கைக்குழந்தை. இன்னும் பதினேழு பேர் ஆஸ்பத்திரியில். நான் இருபத்தாறாம் எண்ணுக்குள் போனபோது சுவரெல்லாம் நீர் கோத்து வழிந்தது. எங்கேயும் ஒரு விரிசல் இல்லை. அவ்வளவு நேர்த்தியான பூச்சை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அந்தச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அவள் கையைப் பிடித்து இழுத்து, ஒரே ஒரு ஓட்டையாவது நானே குத்திவிட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் அந்த ஆத்திரம் எனக்கு என்மேல் தீரவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் எல்லா வீட்டையும் அளந்தார்கள். கிழக்கு வரிசையில் ஏன் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தேடினார்கள். ஆப்புகளைக் கண்டுபிடித்தார்கள். அதோடு சாவு விசாரணை முடிந்து, ஓட்டை விசாரணை தொடங்கிவிட்டது.

பயிற்சி மையத்திலேயே என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி பெயர் அனந்தபத்மன். முகத்தில் வெயிலே படாத ஆள், ஆனால் மரியாதையாகப் பேசினார். அவருக்குப் பக்கத்தில் ஹில்டா மேடம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சுவரோரமாக இன்னொரு நாற்காலியில் சுடலைக்கண்ணு அண்ணாச்சி இருந்தார். அவரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

"அம்மா, உங்களைத் தண்டிக்கணும்னு யாருக்கும் இல்லை. முதல் தடவையா கரண்டி பிடிச்சிருக்கீங்க. சாரம் பிரிக்கிற அவசரத்துல மறந்திருக்கும். இந்தப் படிவத்துல 'கவனக்குறைவு'ன்னு ஒரு டிக் போடுங்க. பத்து நாள் மறுபயிற்சி. அட்டை உங்ககிட்டயே இருக்கும்."

"மறந்தவ எதுக்கு சார் ஆப்பு சீவி வைக்கப் போறேன்?"

"அதை நாங்க பெருசு பண்ணலை. தற்காலிகமா அடைச்சீங்க, முழுசா அடைக்க மறந்துட்டீங்க. அவ்வளவுதான்."

"அந்த ஓட்டையெல்லாம்?"

"அது எங்க வேலை. ஒரே நாள்ல நுரை அடிச்சு அடைச்சிருவாங்க."

"அடுத்த கத்தரிக்கு?"

"அடுத்த வருஷம் தட்டுப்பாடு இருக்காது."

"போன வருஷமும் இதையேதான் சொன்னாங்க."

மேடம் எழுந்து என்னை வெளியே கூட்டிப் போனார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, டிக் போட்டுருங்க. அட்டவணையை மாத்தச் சொல்லி மூணு கடிதம் எழுதிட்டேன். நீங்க உள்ள இருந்தா ரெண்டு பேரா கேக்கலாம். அட்டை போயிட்டா உங்க பேச்சை யாரு கேப்பா?"

"மேடம், விதிப் புத்தகப் பாடம் ஞாபகம் இருக்கா? எங்களை மனப்பாடம் பண்ண வச்சீங்களே. கவனக்குறைவா நடந்திருந்தா அதுக்குப் பேரு?"

"பழுது," என்றார். "ஆணையம் சரி பண்ணும்."

"வேணும்னே செஞ்சது?"

"வடிவமைப்பு. குடியிருக்கிறவங்க கையெழுத்து இல்லாம ஆணையம் கை வைக்க முடியாது. செஞ்சவங்க உரிமம் ரத்து."

பெரிய பங்களாக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்குக் கண்ணாடிச் சுவர் வைத்துக்கொள்ள வசதியாகப் போட்ட விதி அது. கட்டியவன் அட்டை போகும், கண்ணாடி அப்படியே நிற்கும். எங்களைப் போன்றவர்களும் அதை வாசிப்போம் என்று யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

"அக்கா," என்றார் மேடம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே போய்ப் பேனாவை எடுத்தேன். இருபத்திரண்டு வருஷம் ஆசைப்பட்ட அட்டை, இரண்டு வருஷம்தான் கையில் இருந்தது. ஆனால் நான் மறந்தேன் என்று எழுதினால் ஜெசிந்தா சரியாகக் கட்டினாள் என்று ஆகிவிடும். அந்த மூன்று பேரும் சரியான வீட்டில் செத்தார்கள், என் பதினான்கு வீட்டுக்காரர்களும் தப்பான வீட்டில் பிழைத்தார்கள் என்று ஆகிவிடும். 'வேண்டுமென்றே' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே என் பெயரை எழுத்துக் கூட்டாமல் முழுசாக எழுதினேன்.

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். முகம் கறுத்தது. அட்டையை வாங்கி மேசை டிராயருக்குள் போட்டார். அப்புறம் அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. தெற்கு வரிசையில் முப்பத்தொன்றாம் எண் அண்ணாச்சி கட்டியது. அந்த வீட்டில் ஆறு பேரும் பிழைத்திருந்தார்கள். சுவரில் பூச்சு வெடித்து ஒரு கை அளவுக்குக் காற்று வந்திருக்கிறது. தூக்கம் கலைந்த வீட்டுக்காரி அதைக் குத்தி விட்டிருக்கிறாள். பக்கத்தில் தட்டிப் பார்த்து இன்னும் நாலு இடத்தில் குத்தியிருக்கிறாள்.

"இந்த அம்மாவாவது புதுசு," என்றார் அதிகாரி, "பொம்பளை. நீங்க முப்பது வருஷ மேஸ்திரி. சார ஓட்டையை அடைக்க எப்படிப் பெரியவரே மறந்தீங்க?"

அண்ணாச்சி நிமிர்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"யாரு மறந்தா?"

"பரவாயில்லை, வயசாச்சு, மறக்கிறது சகஜம்தான். கவனக்குறைவுன்னு ஒரு டிக்..."

"யாரு மறந்தான்னு கேக்கேன். சுடலைக்கண்ணு ஓட்டை அடைக்க மறந்தான்னு ஊருக்குள்ள எவனாவது சொல்லட்டும் பாப்போம். வேணும்னேதான் விட்டேன். குடுங்க அந்தப் பேனாவ."

காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி டிக் போட்டார். அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அதிகாரி கேட்பதற்கு முன்னாலேயே மேசையில் வீசினார். ஒரு புதுசான பொம்பளை என்றால் கவனக்குறைவு என்று எழுதி ஊரை நம்ப வைத்துவிடலாம். அவளோடு முப்பது வருஷ மேஸ்திரியும் வேணும்னே விட்டேன் என்றால் என்ன எழுதுவது என்று அதிகாரிக்குத் தெரியவில்லை. ஹில்டா மேடம் விதிப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். பதினைந்து வீட்டின் ஓட்டையும் இனி குடியிருப்பவர்களுடையது என்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிப் பதிவேட்டில் ஏற்ற வைத்தார். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

அன்று சாயந்தரம் மையத்துக்கு எதிர்க் கடையில் டீ குடித்தோம். இரண்டு பேருக்கும் அட்டை இல்லை. நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"அண்ணாச்சி, முப்பத்தொண்ண நெசமா வேணும்னேதான் விட்டீயளா?"

"பின்ன?"

"மத்தியானம் நான் போய்ப் பாத்தேன். ஓட்டைக்குள்ள சிமெண்ட் பேப்பர் சுருட்டி இருந்துச்சு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாயந்தரம் ஞாபகப்படுத்த ஆள் இல்லாமப் போச்சுட்டி," என்றார் மெதுவாக.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

"அந்த ஆப்ப எப்படிச் சீவுன?" என்று கேட்டார் அப்புறம். விரலால் காட்டினேன். தலையாட்டினார்.

"நாளைக்குத் தெற்கு வரிசைக்குப் போறேன் அண்ணாச்சி. எல்லா வீட்லயும் ஓட்டை குத்திக் குடுக்கச் சொல்லிக் கேட்டுட்டாங்க. முதல்ல இருபத்தாறு. ஜெசிந்தா மாப்பிள்ளையே வந்து கூப்பிட்டான். அட்டை இல்லாம சுவரத் தொட்டா கேஸ் போடுவாங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் இருபத்தாறாம் எண் வாசலில் நின்றேன். சுத்தியும் உளியும் கரண்டியும் பையில் இருந்தன. ஓட்டை குத்தியதும் ஓரம் பூச வேண்டுமே என்று முதல் நாளே மணலும் சிமெண்டும் சட்டியும் கொண்டுவந்து முற்றத்தில் போட்டிருந்தேன். சட்டியைத் தேடினால் காணவில்லை. யாரோ எனக்கு முன்னாலேயே வந்து கலவை குழைத்திருந்தார்கள்.

சுடலைக்கண்ணு அண்ணாச்சி சும்மாடு கட்டி, கலவைச் சட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பாத்துட்டு நிக்கீய?" என்றார். "கலவை இறுகிரும். வேலையப் பாருங்க கொத்தனாரே."